கூட்டமில்லாத கடற்கரை வேண்டுமா? தளியிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு வேன் பயணம்!

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் யார் டூர் பேச்சை எடுத்தாலும், அது கடைசியில் கடலில்தான் போய் நிற்கும். குளிரும் மேகமும் ரோஜாத் தோட்டமும் வாசலிலேயே இருக்கும்போது ஊட்டி, ஏற்காடு மீது பெரிய ஆசை வருமா என்ன? சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் தளிக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. இல்லாதது கடல் மட்டும்தான்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று வண்டியை விட்டால் வருவது புதுச்சேரி. சிக்கலும் அங்கேதான். பெங்களூருக்காரர்களுக்கும் அதே ரோடு, அதே சனி ஞாயிறு. ஆயுத பூஜைக்கு கம்பெனிகள் லீவு விட்டால் சொல்லவே வேண்டாம். 20 பேர் சேர்ந்து கிளம்பினால், ரூம் தேடவே ஒரு நாள் போய்விடும்.

கூட்டமில்லாமல், இன்னும் ஊராகவே இருக்கிற கடற்கரை எது? மணப்பாடும் முட்டமும் அழகுதான், ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள் ஆகும். தனுஷ்கோடியில் மாலைக்குள் கிளம்பியாக வேண்டும். குடும்பமாக, நட்பு வட்டமாக இரண்டு நாள் தங்கிப் பார்க்க ஏற்ற இடம் என்றால், மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடியைச் சொல்லலாம். ஓசூரிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர். ஒரே டிரைவரை ராத்திரி முழுக்க ஓட்ட விடாதீர்கள். ஓசூர் வழியாக மயிலாடுதுறை போகும் மைசூரு எக்ஸ்பிரஸைப் பிடித்தால் அந்தக் கவலையே இல்லை. அங்கிருந்து பஸ்ஸோ வேனோ பிடித்துக்கொள்ளலாம்.

தரங்கம்பாடியின் பழைய நகர வாசலைத் தாண்டினால் ஒரே ஒரு நேர் தெரு. நடந்தால் சில நிமிடங்களில் கடல் வந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் 400 வருடக் கதை இருக்கிறது. 1620-ல் டென்மார்க்கிலிருந்து ஓவே கெட்டே என்ற கப்பல் தளபதி வந்தார். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டு, கடலைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம், இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1845-ல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

தமிழில் எதையாவது படிக்கிற எல்லோருக்கும் இந்தத் தெருவோடு ஒரு சின்ன உறவு உண்டு. 1706-ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் தமிழ் கற்று, அச்சகம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவர் கட்டிய புதிய ஜெருசலேம் ஆலயம் அதே தெருவில் இருக்கிறது. அவருடைய கல்லறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. கோட்டைக்குள் ஒரு அருங்காட்சியகமும் உண்டு. பொதுவாக வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமை போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள்.

கரையோரம் நிற்கிற மாசிலாமணி நாதர் கோயிலைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் இது. முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது. கடல் அரிப்பு என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, இங்கே ஐந்து நிமிடம் நின்றால் புரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரையும் விடவில்லை. தரங்கம்பாடி அப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் அதைப் பற்றி விளையாட்டாகக் கேட்டுவிடாதீர்கள்.

‘இங்கே ஓசோன் காற்று வீசுகிறது, உடம்புக்கு நல்லது’ என்று சுற்றுலா விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். கடற்கரையின் அந்தத் தனி வாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் டைமெத்தில் சல்பைடு என்ற வாயு. ஓசோனை நிறைய சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். காற்று நன்றாக இருக்கிறது, அதற்கு எதற்கு ஓசோன் சர்டிபிகேட்?

எங்கே தங்குவது?

ஊருக்குள் தங்கும் அறைகள் குறைவு. கூட்டம் சேராததற்கு அதுவும் ஒரு காரணம். 20 பேர் என்றால் கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருக்கடையூர்தான் சரிப்படும். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணத்துக்குப் பெயர்போன ஊர் என்பதால், மொத்தமாக வந்து இறங்கும் சொந்தபந்தங்களைச் சமாளித்துப் பழகிய லாட்ஜ்கள் அங்கே நிறைய. தாத்தா பாட்டி கூட வந்தால் அபிராமி தரிசனமும் ஆச்சு. முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இறங்குவதற்கு முன்...

கூட்டமில்லாத கடற்கரைக்கு ஒரு விலை உண்டு. ஆபத்து என்றால் ஓடிவரவும் ஆள் இருக்காது. தளி ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய இளைஞர்களுக்கு ‘நமக்குத்தான் நீச்சல் தெரியுமே’ என்ற தைரியம் இருக்கும். ஏரித் தண்ணீர் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகாது. கடல் இழுக்கும். கரைக்கு வந்த அலைநீர் ஏதாவது ஓர் இடைவெளி வழியாக வேகமாகத் திரும்பி ஓடும். சுற்றிலும் அலை வெள்ளையாக உடையும்போது, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் ‘அலையே இல்லை’ என்று இறங்குவது அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. களைத்துப்போய்விடுவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரையேற வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்திக் காட்டலாம்.

ஒருவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து குதிப்பதால்தான் ஒரே குழுவில் பலர் போகிறார்கள். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, ஆம்புலன்ஸ் 108. இன்னொன்று, காரைக்கால் இங்கிருந்து 15 கிலோமீட்டர்தான். அது புதுச்சேரியின் பகுதி என்பதை வேனில் யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் குடித்தவர்களைத் தண்ணீரில் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ள, குழுவில் இரண்டு பேராவது வேண்டும்.

‘இல்லை, ஆசை தீரக் குளிக்கத்தான் போகிறோம்’ என்பவர்கள் சென்னை அருகே கோவளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 2021-ல் ‘நீலக்கொடி’ தரச்சான்று பெற்ற கடற்கரை அது. குளிக்கத் தனிப் பகுதியும் உயிர்காக்கும் வீரர்களும் உண்டு. கூட்டமும் உண்டு!

தரங்கம்பாடிக் கரை மீனவர்களின் வேலையிடம் என்பதும் நினைவில் இருக்கட்டும். காயப்போட்ட வலையை மிதிப்பது, படகில் ஏறி செல்ஃபி எடுப்பது, ஸ்பீக்கரை அலறவிடுவது எல்லாம் வேண்டாமே. நம் ஊர் ரோஜாத் தோட்டத்துக்குள் ஒரு வேன் கூட்டம் புகுந்தால் எப்படி இருக்கும்? 20 பேர் போய் இறங்கும்போது, அந்த ஊருக்கு நாம்தான் கூட்டம்.

எப்போது போகலாம் என்பதுதான் தளிக்காரர்களுக்குக் கொஞ்சம் தலைவலி. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். வெயில் இதமாக இருக்கும் ஜனவரியில், காதலர் தினத்துக்கு ரோஜா அனுப்பும் வேலை மூச்சுவிட விடாது. கோடை விடுமுறையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைத்தாலும் வகை குறைவு, விலை அதிகம். பிப்ரவரி 14 முடிந்த அடுத்த வாரக் கடைசியில் கிளம்பினால், பிள்ளைகளின் முழுப் பரீட்சைக்கு முன்பே வீடு திரும்பிவிடலாம். கரையில் ஏலம் விடுகிற மீனை வாங்கிச் சமைத்துத் தர ஆள் இருக்கிறார்களா என்று லாட்ஜில் முதல் நாளே கேட்டு வையுங்கள்.