ஒரு பழைய விபிஎன் கணக்கு... நின்றுபோன 5,500 மைல் பைப்லைன்! ஆபீஸ் விபிஎன் எப்படி வேலை செய்கிறது?

2021 மே 7. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதத்தைக் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் நிறுவனம், தனது 5,500 மைல் குழாய்ப்பாதையை மொத்தமாக மூடியது. பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட க்யூ, பல இடங்களில் 'நோ ஸ்டாக்'. காரணம், ரான்சம்வேர் தாக்குதல்.

ஹேக்கர்கள் உள்ளே வந்த வழிதான் விஷயமே. யாரும் பயன்படுத்தாத, ஆனால் மூடப்படாமலும் இருந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதற்கு பாஸ்வேர்டு மட்டும்தான் காவல். ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு கிடையாது. அது 'கலோனியல்123' ரகப் பாஸ்வேர்டு இல்லை, சிக்கலானதுதான் என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜோசப் பிளவுன்ட் செனட் விசாரணையில் சொன்னார். சிக்கலாக இருந்து என்ன பயன்? டார்க் வெப்பில் கசிந்த பாஸ்வேர்டு தொகுப்பு ஒன்றில் அதுவும் இருந்தது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தினமும் காலையில் தட்டும் 'கனெக்ட்' பட்டன் திறப்பதும் இதே மாதிரி ஒரு கதவைத்தான்.

பட்டனைத் தட்டினால் என்ன நடக்கிறது?

ஆபீஸின் எச்ஆர் போர்ட்டல், பில்லிங் ஆப், டெஸ்ட் சர்வர் போன்றவை பெரும்பாலும் பொது இணையத்தில் இருக்காது. 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் பிரைவேட் ஐபி முகவரிகளில் இருக்கும. காந்தி தெரு எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி, இந்த முகவரிகளை எந்த நிறுவனமும், எந்த வீடும் தனக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து தேடினால் கிடைக்காது.

லேப்டாப்பில் இருக்கும் விபிஎன் கிளையன்ட், அந்த முகவரிக்குப் போகவேண்டிய தகவலை என்க்ரிப்ட் செய்து, இன்னொரு உறைக்குள் போட்டு, ஆபீஸின் விபிஎன் கேட்வேக்கு அனுப்பும். கேட்வே அதைப் பிரித்து உள்ளே இருக்கும் சர்வரிடம் சேர்க்கும். நடுவில் இருக்கும் காபி ஷாப் வைஃபைக்கு, கேட்வேயோடு ஏதோ பேச்சு நடக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். என்ன பேச்சு என்று தெரியாது.

ஆபீஸ் முகவரிகள் மட்டும் இப்படிப் போய், யூடியூப் நேராகப் போனால் அது 'ஸ்ப்ளிட் டனல்'. எல்லாமே ஆபீஸ் வழியாகப் போனால் 'ஃபுல் டனல்'. எது என்பதை ஐடி டீம்தான் முடிவு செய்யும். ஃபுல் டனலில், லஞ்ச் பிரேக்கில் எந்த ஷாப்பிங் தளத்துக்குப் போனீர்கள் என்பது ஆபீஸுக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. ஆண்ட்ராய்டு போனில் 'வொர்க் ப்ரொஃபைல்' இருந்தால், அதற்குள் ஓடும் விபிஎன் அங்குள்ள ஆப்களை மட்டுமே தொடும். உங்கள் சொந்த ஆப்கள் தப்பிக்கும்.

"கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா ஆப் ஓபன் ஆகல!"

ஹெல்ப் டெஸ்க்குக்குப் பழகிப்போன புலம்பல் இது. பல நேரம் காரணம் டிஎன்எஸ். ஆபீஸ் ஆப்பின் பெயர் எந்த முகவரி என்பது ஆபீஸின் டிஎன்எஸ் சர்வருக்கு மட்டும்தான் தெரியும். லேப்டாப் போய் வீட்டு ரவுட்டரிடம் கேட்டால், 'அப்படி யாரும் இல்லை' என்ற பதில்தான் வரும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. பல வீட்டு ரவுட்டர்கள் 192.168.1 என்ற தொடரைப் பயன்படுத்துகின்றன. ஆபீஸ் நெட்வொர்க்கும் அதே தொடரில் இருந்தால், லேப்டாப் ஆபீஸ் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேட ஆரம்பித்துவிடும். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் திறந்தால், கோளாறு அநேகமாக வீட்டு நெட்வொர்க் பக்கம்தான்.

கேட்வேயிலேயே ஓட்டை இருந்தால்?

அதுவும் நடந்தது. 2024 ஜனவரி இறுதியில், இவான்டி நிறுவனத்தின் விபிஎன் சாதனங்களை 48 மணி நேரத்துக்குள் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கும்படி அமெரிக்க அரசுத் துறைகளுக்கு சைபர் பாதுகாப்பு முகமையான சிசா உத்தரவிட்டது. பழைய பாணி விபிஎன்களில் பலவற்றில், ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் நெட்வொர்க்கின் பெரும்பகுதி கண்முன்னே திறந்து கிடக்கும். அதனால்தான் 'ஜீரோ டிரஸ்ட்' முறைக்குப் பல நிறுவனங்கள் நகர்கின்றன. இதில் யார், எந்தச் சாதனம் என்பதைப் பார்த்து, குறிப்பிட்ட ஒரு ஆப்புக்கு மட்டும் வழி விடுவார்கள். கூகுள் தன் ஊழியர்களுக்காக உருவாக்கிய 'பியாண்ட்கார்ப்' இந்த வகைதான்.

இரண்டாவது பூட்டு இருந்தாலும், அதைத் திறப்பது மனிதர்தான். 2022 செப்டம்பரில் உபர் நிறுவனத்துக்குள் நுழைந்த ஹேக்கரிடம், ஒரு கான்ட்ராக்டரின் பாஸ்வேர்டு ஏற்கெனவே இருந்தது. திரும்பத் திரும்ப லாகின் செய்ய, கான்ட்ராக்டரின் போனுக்கு அப்ரூவல் கேட்டு நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒருமுறை அவர் 'ஓகே' கொடுத்துவிட்டார். நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் இப்படி ஒன்று வந்தால் 'டினை' கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றுங்கள். ராத்திரி 12 மணியானாலும் ஐடி டீமுக்கு ஒரு போன் போடுங்கள்.