பிளீச்சிங் பவுடர்: பழைய சரக்கு ஆகாது

கோடையில் தொட்டி நீரைச் சுத்தம் செய்ய, பாளையம்பட்டி போன்ற வானம் பார்த்த பூமியில் நம் கடைகளில்தான் பிளீச்சிங் பவுடர் வாங்குகிறார்கள். புதுச் சரக்கில் சுமார் 33 சதவீதம் குளோரின் உண்டு. கலங்கலில்லாத 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் போதும். தனியே கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும்.

வெயிலும் ஈரமும் காற்றும் பட்டால் தூளின் வீரியம் குறையும். வீரியம் போன தூளை அதே அளவு போட்டால் கிருமி சாகாது. நம்மை நம்பி வாங்கியவர் வீட்டில் வாந்திபேதி வரலாம்.

ஆகவே மூட்டையைத் திறந்து வைக்க வேண்டாம். முன்னே வந்த சரக்கை முன்னே விற்போம். தகர டப்பா துருப்பிடிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியே நல்லது. ஆசிட் பாட்டில் பக்கத்தில் கூடவே கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும்.