காலடியில் மணல் இருந்த காலம்!

லீவு விட்டா பைக்கை எடுத்துக்கிட்டு பாண்டிச்சேரிக்கு ஒரு ரவுண்டு கிளம்பிடுற கோஷ்டியா நீங்க? அப்போ பீச் ரோடு கருங்கல் மேல ஏறி நின்னு ஒரு போட்டோவாவது எடுத்திருப்பீங்க. 'செம ஸ்பாட்டு மாப்ளே!'னு கமென்ட்டும் வந்திருக்கும். ஆனா, அந்தக் கல்லெல்லாம் லாரியில் வந்து இறங்கினவை. அதுக்கு முன்னாடி அங்கே இருந்தது மணல். அந்த மணலை நம்பி இருந்தது கரைவலை.

கரைவலைன்னா என்னன்னு தெரியுமா? ரொம்ப சிம்பிள். வலையோட ஒரு பக்கக் கயிறு கரையில் இருக்கிறவங்க கையில். மிச்ச வலையைப் படகில் ஏத்திக்கிட்டு, கடலில் அரை வட்டமா விட்டுக்கிட்டே போய், கொஞ்ச தூரம் தள்ளி மறு கயிற்றைக் கரை சேர்ப்பாங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் ஆளுங்க வரிசையா நின்னு, 'ஏலேலோ ஐலசா'னு இழுக்க வேண்டியதுதான். நடுவில் இருக்கிற பை மாதிரியான மடியில், நெத்திலி, சாளை, காரப்பொடின்னு கரையோர மீன் துள்ளும். இன்ஜின் வேண்டாம், டீசல் வேண்டாம். ஆள் பலமும் மணலும் போதும்.

வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் போனா, தலை நரைச்ச ஒரு தாத்தாகிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க. வலை இழுத்தது, காயவெச்சது, மணல்ல கபடி ஆடினதுன்னு கதை கதையா வரும். கடலுக்குப் போக முடியாத வயசானவங்களும் கரையில் நின்னு கயிறு பிடிக்கலாம். ஒரு கை கொடுத்தவங்க வெறுங்கையோட வீட்டுக்குப் போக மாட்டாங்க. அதாங்க கரைவலையோட அழகு!

அப்புறம் மணல் எங்கே போச்சு? கடல் முழுங்கிடுச்சுன்னு சொல்றது ஈஸி. நம்ம கிழக்குக் கரையில் மணல் ஒரே இடத்துல சும்மா கிடக்காது, நடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்து அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்துல கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகுது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ளே கல் சுவர்களை நீட்டினாங்க. வர்ற மணல் தெற்குப் பக்கமே தேங்கிடுச்சு. வடக்கே இருந்த மணலை மட்டும் அலை அள்ளிக்கிட்டே இருந்துச்சு. வரவு நின்னு செலவு மட்டும் நடந்தா அக்கவுன்ட் என்ன ஆகும்? அதேதான்!

தேங்குற மணலை எடுத்து வடக்கே கொட்டுற ஏற்பாடும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்கா நடக்கலை. ஊரைக் காப்பாத்த கல்லைக் கொட்டினாங்க. உடனே அரிப்பு அடுத்த ஊருக்குத் தாவிடுச்சு. எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரைக்கும் கடல் வீட்டு வாசலுக்கு வந்துடுச்சு. கல் கிடக்கிற இடத்துல கரைவலையை இழுத்தா வலை கிழியும். படகை ஏத்தி நிறுத்தவும் இடமில்லை, கருவாடு காயப்போடவும் இடமில்லை. ஒரு தொழில் இப்படித்தான் சத்தமில்லாம கரையேறிடுச்சு.

நல்ல சேதியும் இருக்கு. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-19-ல் தலைமைச் செயலகத்துக்கு அருகே, கடலுக்குள்ளே ஒரு செயற்கைத் திட்டு அமைச்சது. அலையோட வேகம் குறைஞ்சு, அங்கே மறுபடி மணல் சேர ஆரம்பிச்சது. போன மணலைத் திரும்பக் கொண்டுவர முடியும்னு கண்ணால பார்த்தாச்சு. ஆனா, குளிக்கவும் போட்டோ எடுக்கவும் ஒரு துண்டு மணல் போதும். கரைவலைக்கு கல் இல்லாத நீளமான கரை வேணும். மணல் வந்துட்டா மட்டும் வலையும் தானா வந்துடாது. எங்கே வலை விடணும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குது, எப்போ நிறுத்தணும்கிற கணக்கெல்லாம் அந்தத் தாத்தாக்கள் தலைக்குள்ளே இருக்கு. கத்துக்கிட்டவங்க கையும் காலும் ஓயறதுக்குள்ளே அடுத்த தலைமுறைக்குப் போகணுமே!

அதனால பாஸ், அடுத்த தடவை பீச் போறப்ப செல்ஃபியை முடிச்சுட்டு, அப்படியே வடக்கே குப்பத்துப் பக்கம் நடங்க. 'தாத்தா, இங்கே மணல் எதுவரைக்கும் இருந்துச்சு?'னு கேளுங்க. அவர் கை நீட்டிக் காட்டுற இடம் இப்போ கடலுக்குள்ளே இருக்கும். அந்த அளவைக் குறிச்சுக்குங்க. சிவில், ஜியாலஜி, விஸ்காம்னு எது படிச்சாலும், உங்க ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது!