எரிபொருள் கேட்காத பம்பும் நான் விற்ற வைக்கோலும்

மணிமங்கலத்தில் எனக்கு அடுத்த வயல்காரர் போன ஆடியில் ஒரு நோட்டீஸோடு வந்தார். "சார், கரண்டும் வேணாம், டீசலும் வேணாமாம். ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிட்டா தானா ஓடுமாம்." விலை 1,85,000 ரூபாய், முன்பணம் 50,000. இலவச மின் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர். டீசல் எஞ்சினில் இறைத்து நெல் போட்டால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வீட்டம்மா வளையலை அடகு வைப்பது என்று முடிவாகிவிட்டது. "பேங்க்ல இருந்தவரு, ஒரு பார்வை பாத்துடுங்க" என்றார்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு மோட்டார் பெல்ட் போட்டு கனமான இரும்புச் சக்கரம் ஒன்றைச் சுற்றுகிறது. சக்கரம் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. அதில் வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு மோட்டாருக்கே திரும்பப் போகும், மீதி பம்புக்கு என்றார்கள். சுவரில் நாலு எல்.இ.டி. பல்பு எரிந்தது. பம்பு ஓடவில்லை.

நான் இயற்பியல்காரன் அல்ல. ஆனால் வரவு செலவு பார்த்தே 35 வருடம் போனவன். மோட்டாருக்கு 100 பங்கு மின்சாரம் கொடுத்தால் 85 பங்குதான் சுழற்சியாகும், மீதி சூடாகப் போய்விடும். ஓடும் மோட்டாரைத் தொட்டவர்களுக்குத் தெரியும். பெல்ட்டில் கொஞ்சம், ஆல்டர்னேட்டரில் இன்னொரு 15 சதவீதம். சுற்றி வரும்போது ஏறக்குறைய 70தான் மிஞ்சும். தன்னை ஓட்டிக்கொள்ளவே 30 குறைகிறது, இதில் பம்புக்கு எங்கே போவது? ஆற்றலைப் புதிதாக உண்டாக்க முடியாது என்பது வெப்ப இயக்கவியலின் முதல் விதி. இருக்கிற ஆற்றலும் கை மாறும்போதெல்லாம் கொஞ்சம் பயன்படாத சூடாகிவிடும் என்பது இரண்டாம் விதியிலிருந்து வருவது.

"சக்கரத்துலதான் சார் சூட்சுமம்" என்றார் விற்க வந்தவர். அதையும் கணக்குப் போட்டேன். 100 கிலோ எடை, 80 செ.மீ. விட்டம், நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால், அந்தச் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 5 எச்.பி. பம்பை அரை நிமிடம்கூட ஓட்டாது. சக்கரம் உண்டியல் மாதிரி. போட்டதுதான் இருக்கும், வட்டி கிடையாது.

பல்பு எரிந்ததே என்பீர்கள். மேசைக்கடியில் மூடிய பெட்டி ஒன்று இருந்தது. திறக்கச் சொன்னேன், "கம்பெனி ரகசியம்" என்றார்கள். ராத்திரி முழுக்க பம்பை ஓட்டிக் காட்டுங்கள், காலையில் முழுப்பணமும் தருகிறோம் என்றேன். பேச்சு முடிந்தது.

காப்புரிமைக்கு விண்ணப்பித்த எண்ணையும் காட்டினார்கள். விண்ணப்பம் போட்டால் யாருக்கும் எண் கொடுப்பார்கள். நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே கிண்டியில் இருக்கிறது காப்புரிமை அலுவலகம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(அ) பிரிவு, இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. பாரிஸ் அறிவியல் கழகம் 1775லேயே இத்தகைய ஓயாத இயந்திரங்களைப் பரிசீலிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஆசை நமக்கும் பழசுதான். ஆரங்களில் பாதரசம் நிரப்பினால் தானே சுற்றும் என்று ஒரு சக்கரத்தை 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் எழுதி வைத்திருக்கிறார். 1996இல் இராஜபாளையம் பக்கமிருந்து ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் வந்தபோது படித்தவர்களும்தானே நம்பினோம்! 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

வளையல் தப்பியது. வேளாண் பொறியியல் துறையில் மானிய சோலார் பம்புக்கு எழுதிக் கொடுத்தோம். அதுவும் எரிபொருள் கேட்காத பம்புதான், ஆனால் வரவு எங்கிருந்து என்று தலைக்கு மேலே தெரிகிறது.

திரும்பி வரும் வழியில் முடிச்சூரில் டீ குடிக்கும்போது அவர் கேட்டார்: "நீங்க மட்டும் வெளியேருந்து எதுவும் வாங்காம வருசாவருசம் நெல்லு எடுக்கறீங்களே, அது எப்படி சார் ஓடுது?"

சட்டென்று வெயிலைச் சொன்னேன். மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் பயிர் பிடிக்கிறது, அதுவே போதும். மாவுச்சத்து காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகிறது. தழைச்சத்தைத் தக்கைப்பூண்டு காற்றிலிருந்து இழுத்துத் தருகிறது. ஆனால் சாம்பல் சத்து? அது வெயிலில் வராது. பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. நானோ ஐந்து வருடமாக வைக்கோல் முழுவதையும் மாட்டுக்காரருக்கு விற்றுக்கொண்டிருந்தேன். ஜீவாமிர்தம் இருக்கிறதே என்று தைரியம். ஜீவாமிர்தம் மண்ணில் இருப்பதைப் பயிருக்கு எடுத்துக் கொடுக்க உதவும். மூட்டை மூட்டையாக வெளியே போனதை 10 கிலோ சாணத்தில் திருப்பிப் போட முடியுமா? இரண்டு வருடமாக என் நெல் ஏன் சாய்கிறது, பதர் ஏன் கூடுகிறது என்று பூச்சியையும் மழையையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் இது ஒன்றுதானா என்பது மண் பரிசோதனை அட்டை வந்தால் தெரியும், மாதிரி கொடுத்திருக்கிறேன்.

நம் கூட்டங்களில் "வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை" என்று நானே மைக் பிடித்துப் பேசியவன். வெளியே எதுவும் போகாத வயலுக்கு அது சரி. விற்கிற வயலுக்கு?

இந்தப் போகம் வைக்கோலில் பாதி வயலிலேயே மடங்கியது. மீதிப் பாதிக்குக் காசு வேண்டாம், எரு கொடு என்று மாட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு கட்டுக்கு இரண்டு கூடை என்கிறார் அவர், நான் நாலு கேட்கிறேன். பேரம் இன்னும் படியவில்லை.