பெரிய நாய், புது வீடு: கார்ட்டிசால் எப்போது அடங்கும்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். குடும்பத்தோடு விலங்குக் காப்பகத்துக்குப் போனவர்கள் அங்கே ஒரு ராஜபாளையம் நாயைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டார்கள். நான்கு வயது, கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசிகளும் போட்டாயிற்று. ஆனால் கூண்டைத் திறந்ததும் ஆள்மேல் தாவுகிறது, சங்கிலியோடு ஆளையும் சேர்த்து இழுக்கிறது, ஓரிடத்தில் நிற்பதில்லை. “வளர்ந்த நாய், அதுவும் இவ்வளவு பெரிய நாய், இனி எங்களோடு ஒட்டுமா? இல்லை, இதன் சுபாவமே இப்படித்தானா?” என்று கேட்கிறார்.

ஒட்டும். அதற்கான சான்றைப் பிறகு சொல்கிறேன். சுபாவம் பற்றிய கேள்விதான் நின்று பதில் சொல்ல வேண்டியது. காப்பகத்தில் நாம் பார்ப்பது நாயை மட்டுமல்ல, அதன் இரத்தத்தில் ஓடும் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனையும் சேர்த்துத்தான். அமெரிக்காவின் ஒஹாயோவில் மைக்கேல் ஹென்னஸியின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் இரத்தத்தில் இருந்த கார்ட்டிசால், வீட்டு நாய்களில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த நிலையில் இருக்கும் ஒரு பிராணியைப் பத்து நிமிடம் பார்த்து அதன் சுபாவத்தை எழுதிவிட முடியாது.

மிரட்சி வந்தால் உடல் இரண்டு தவணைகளில் பதில் சொல்கிறது. முதல் தவணை அட்ரினலின்; நொடிகளில் வரும், நிமிடங்களில் போய்விடும். இரண்டாவது மெதுவானது. மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி சொல்லும். பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும். அட்ரினல் சுரப்பியின் வெளி அடுக்கு கார்ட்டிசாலைச் சுரக்கும். அது உச்சத்துக்கு ஏற இருபது, முப்பது நிமிடம் ஆகும். இறங்க அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைப்பது கார்ட்டிசால் சுரக்கும் விதம் அல்ல, அது நிற்கும் விதம்.

மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே சம்ப், பக்கத்தில் மோட்டார், மேலே தொட்டிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறும்; ஒரு மட்டத்தைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும். யாரும் ஓடிப்போய் சுவிட்சை அணைக்க வேண்டியதில்லை. மோட்டார் ஏற்றிய தண்ணீரே மோட்டாரை நிறுத்துகிறது. கார்ட்டிசாலும் அப்படியே. அட்ரினலில் சுரந்த கார்ட்டிசால் இரத்தத்தோடு மூளைக்குப் போய், ஹைபோதலாமஸிலும் பிட்யூட்டரியிலும் ஹிப்போகாம்பஸிலும் இருக்கும் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஏற்பிகள்தான் மிதவைகள். போதுமான அளவு ஒட்டியதும் சேதி நிற்கிறது, சுரப்பும் நிற்கிறது.

நம் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். மோட்டார் ஓய்வில்லாமல் ஓடும் வீட்டில் மிதவையின் கம்பியில் உப்புப் படிந்து, ஒருநாள் அது சிக்கிக்கொள்ளும். தொட்டி வழியும்; மோட்டார் நிற்காது. நீண்ட காலம் கார்ட்டிசாலில் ஊறிய மூளையிலும் இதுவே நடக்கிறது. ஏற்பிகளின் எண்ணிக்கை குறைகிறது, நிறுத்தும் சேதி மந்தமாகிறது. எலிகளில் இதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். வழிகிற தண்ணீர் மாடிச் சுவரை ஊறவைப்பதுபோல, மிஞ்சிய கார்ட்டிசால் தூக்கத்தையும் நோய் எதிர்ப்பையும் தசையையும் மெல்ல அரிக்கிறது. மின்சாரம் வந்து வந்து போகும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு முறை வரும்போதும் மோட்டார் புதிதாகக் கிளம்பும். காப்பகத்தில் பக்கத்துக் கூண்டின் குரைப்பு, இரும்புக் கதவின் சத்தம், அந்நிய ஆளின் வாசனை எல்லாமே சுவிட்சைப் போடுகின்றன. முன்பு ஏறிய தண்ணீர் வடிவதற்குள் அடுத்தது ஏறிவிடுகிறது. சிக்கிய மிதவையை ஒரு தட்டுத் தட்டி விடுவிக்கலாம். ஏற்பிகளைத் தட்ட வழியில்லை. மோட்டாருக்கு ஓய்வு கொடுத்துக் காத்திருப்பது ஒன்றுதான் வழி.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1936இல் மாண்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே எலிகளை வைத்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு குறிப்பிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. அட்ரினல் ஹார்மோன்களுக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹைபோதலாமஸின் முதல் சேதியைச் சுமக்கும் ஹார்மோனை 1981இல் வைலி வேல் குழு செம்மறியாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்தது. காப்பக நாய்கள் ஆய்வாளர்களின் கண்ணில் பட இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஓய்வு கொடுத்தால் உண்மையிலேயே அடங்குகிறதா? நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. ஊசி குத்தி எடுக்கும் இரத்தம் அந்த நிமிடத்தின் அளவைத்தான் காட்டும். குத்துவதே நாயைப் பதறவும் வைக்கும். எனவே அவர்கள் முடியை எடுத்துக்கொண்டார்கள். முடி வளரும்போது இரத்தத்திலுள்ள கார்ட்டிசால் அதற்குள் சேர்ந்துவிடும். காப்பகத்துக்கு வந்த 52 நாய்களின் உடலில் ஒரு சிறு இடத்தை மழித்து, ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் வளர்ந்திருந்த முடியை மறுபடி மழித்தார்கள். முதல் முடி காப்பகத்துக்கு முந்திய வாழ்க்கையைச் சொன்னது. அடுத்தது காப்பகத்து ஆறு வாரத்தைச் சொன்னது. ஒரு மில்லிகிராம் முடியில் சராசரியாக 16 பிகோகிராமாக இருந்த கார்ட்டிசால் 21.8 ஆகியிருந்தது. தத்துப்போன பிறகு, ஆறாவது வாரத்திலும் ஆறாவது மாதத்திலும் எடுத்த முடியில் அளவு பழைய நிலையை நோக்கி இறங்கியிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: சின்ன நாய்களைவிடப் பெரிய நாய்களின் முடியில் கார்ட்டிசால் குறைவு. உருவத்தைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இதை மனதில் வைக்கலாம்.

இனி, ஒட்டுமா என்ற கேள்வி. புடாபெஸ்டில் மார்த்தா காச்சியின் குழு 2001இல் காப்பகத்து வளர்ந்த நாய்களைச் சோதித்தது. முன்பின் தெரியாத ஒருவர் நாளுக்குப் பத்து நிமிடம், மூன்று நாள் மட்டும் நாயோடு இருந்தார். பிறகு நடந்த சோதனையில் அந்த நாய்கள் மற்ற அந்நியர்களைவிட அவரையே தேடின. வளர்ந்த நாய் புது ஆளை ஏற்காது என்ற பேச்சுக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை.

இந்த அறிவியலைச் சுற்றி நிறைய ஆரவாரமும் இருக்கிறது. ‘மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்’ என்ற சூத்திரம் எங்கும் சுற்றுகிறது. அது பொறுமையாக இருக்கச் சொல்கிறது, நல்லதுதான்; ஆனால் அளந்து கண்ட விதியல்ல. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் தத்துப்போன நாய்களை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2023இல் வெளியிட்ட முடிவுகள் அவ்வளவு ஒழுங்காக இல்லை. தனியாக விட்டால் பதறும் குணம் நாளடைவில் குறைந்தது. அந்நியர்மேல் சீறுவது கூடியது. வீடு தனதென்று உணர்ந்த நாய் அதைக் காக்கத் தொடங்குவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கள் நாயின் நடத்தை நன்று அல்லது மிக நன்று என்றே சொன்னார்கள்.

இனத்தை வைத்துக் குணத்தைச் சொல்வதும் அப்படிப்பட்ட ஆரவாரமே. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து ‘சயின்ஸ்’ இதழில் 2022இல் வந்த ஆய்வு, தனி நாய்களுக்கிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று கண்டது. ராஜபாளையம் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட நாய். ஓட இடம் வேண்டும், அது உண்மை. அதற்காகக் காப்பகத்தில் நிற்கும் ஒரு ராஜபாளையம் மூர்க்கமானது என்றோ சாது என்றோ இனப்பெயரை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது.

‘நன்றாக ஓடவிட்டுக் களைக்கவைத்தால் அடங்கிவிடும்’ என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு யோசனை. கடும் ஓட்டமும் கார்ட்டிசாலை ஏற்றும். பெரிய நாய்க்கு உடற்பயிற்சி அவசியம். ஆனால் முதல் வாரத்து மருந்து அதுவல்ல, தூக்கம். வீட்டின் சந்தடி இல்லாத ஒரு மூலையைக் கொடுங்கள். சாப்பாடும் நடையும் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். உறவினரைக் கூட்டிவந்து காட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தார்ச்சாலை சூடில்லாத நேரத்தில் அழைத்துப்போய், அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள். இழுக்கிற நாய்க்குக் கழுத்துப் பட்டையைவிட நெஞ்சைச் சுற்றிய பட்டை நல்லது. எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் குழந்தையோடு தனியே விடாதீர்கள். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். கேட்காத நாயைச் சொல்பேச்சு கேட்காத நாய் என்று திட்டிவிடக் கூடாது.

முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்கும் வழி இருக்கிறது. லிசா கன்டர் குழு அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. அந்த இரவுகளில் சிறுநீரில் கார்ட்டிசால் தெளிவாகக் குறைந்தது. திரும்பிவந்ததும் முன்பிருந்த அளவுக்கே ஏறியது, அதைத் தாண்டவில்லை. வீட்டைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவிட்டால் நாய் இன்னும் உடைந்துபோகும் என்ற அச்சத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. வெளியே போய்வந்த நாயைப் பற்றி, அது வீட்டில் எப்படித் தூங்கியது, யாரைக் கண்டு ஒதுங்கியது என்றெல்லாம் அடுத்து வருகிறவர்களிடம் சொல்லவும் முடியும்.

நம் ஊர்க் காப்பகங்கள் இதைத் தொடங்க வேண்டும். ஆளைச் சரிபார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு, வாரக் கடைசியில் இரண்டு இரவு அனுப்பிவைக்கலாம், பெரிய செலவில்லை. கூண்டில் அதிக நாள் கிடப்பது பெரும்பாலும் வளர்ந்த, பெரிய நாய்கள்தான். குட்டியை விலை கொடுத்து வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் அதற்கு முன் ஒருமுறை காப்பகத்துக்குப் போய், “இதை இரண்டு நாள் அழைத்துப்போகலாமா?” என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் கதவும் திறக்கும்.