பிறநாட்டில் மரக்கறியுணவு

திருவள்ளுவர் புலான்மறுத்தலைத் துறவறவியலுள் வைத்தார். வாவியும் கடலும் சூழ்ந்த மட்டக்களப்பு நாட்டில் இல்லறத்தார் பலர்க்கு மீன் நாளாந்த உணவு. ஆயினும் கந்தசட்டி, கண்ணகியம்மன் சடங்கு முதலிய காலங்களில் அவர்களும் மரக்கறியே உண்பர். ஆண்டு முழுதும் புலால் நீக்கி வாழும் குடும்பங்களும் உள. ஊரில் இவ்வொழுக்கத்தைக் காத்தல் எளிது. சுற்றமும் அடுக்களையும் துணைநிற்கும். கல்விக்காகப் பிறநாடு செல்லும் நம் மாணவர் அங்கு அதனை எங்ஙனம் காப்பர்? மனவுறுதி மட்டும் போதுமா? இதற்கு இருவர் வாழ்க்கை விடை தருகின்றது.

1888 செப்டெம்பரிற் சட்டம் பயிலக் கப்பலேறிய காந்தியடிகள், புலால் தீண்டேன் என்று அன்னைக்கு வாக்களித்திருந்தார். இலண்டனிலே தொடக்கத்தில் அவர் அரைவயிற்றோடு வாழ்ந்தார். உப்புச்சப்பின்றி அவித்த காய்கள் இறங்கவில்லை. மேலும் பாண் கேட்கவோ நாணம் தடுத்தது. பல மைல் நடந்து தேடியபின் பாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவுச்சாலையைக் கண்டார். ஆங்கு வாங்கிய ஹென்றி சால்ட் என்பாரின் நூலைக் கற்றபின், அன்னை பொருட்டுக் காத்த விரதம் அவர்தம் சொந்தக் கொள்கையாயிற்று. பின்னர்த் தனியறையில் அடுப்பு வைத்து, அந்நாட்டு ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே ஆக்கினார். மசாலை விட்டார்; முன்பு வெறுத்த அவித்த கீரையே இனிக்கலாயிற்று. 1890 இல் இலண்டன் மரக்கறியுணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார்.

கணிதமேதை இராமாநுசன் 1914 இல் கேம்பிரிட்சு திரினிற்றிக் கல்லூரியை அடைந்தார். தம் அறையிலேயே தமிழ்நாட்டு முறைப்படி சமைத்துண்டார். அவ்வாண்டிலேயே உலகப்போர் மூண்டது; வேண்டிய பண்டங்கள் அருகின. கணக்கில் ஆழ்ந்தபோது உண்ணும் வேளையும் தவறியது. 1917 இல் நோயுற்று, 1919 இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26 ஆம் நாள் 32 ஆம் அகவையில் மறைந்தார். காசநோயென அன்று கருதப்பட்டது. ஈரலைப் பற்றிய அமீபா நோயாகலாமென 1994 இல் ஓர் ஆய்வு கூறிற்று. ஆதலின் மரக்கறியே அவர் உயிரைக் குடித்ததென்றல் பிழை. ஆயினும், மருத்துவ நிலையங்களின் வேற்றுச் சமையல் ஏலாமை அவர்தம் துன்பத்தை மிகுவித்தது.

இருவரும் விரதம் வழுவாதவரே. அமைதிக்காலமும், உணவுச்சாலையும், சங்கத்தோழரும் காந்தியடிகளுக்கு வாய்த்தமை உண்மை. எனினும் அவர் காத்தது விரதத்தை, ஊர்ச்சுவையை அன்று. இவ்விரண்டும் வேறென உணர்தலே பிறநாட்டில் வாழும் வழி.

அதற்கு அந்நாட்டுச் சமையலறிவு வேண்டும். நம் சம்பலிற் கூனியும் மாசியும் கலப்பதுபோல, யப்பானியர் காய்ச்சும் சாற்றிலும் பெரும்பாலும் உலர்மீன் சேரும். ஆயின் அந்நாட்டுப் பௌத்த மடங்களில் கடற்பாசியும் காளானும் கொண்டே அச்சாற்றை ஆக்குவர். ஆங்கிலர் பண்ணியங்கள் சிலவற்றில் முட்டையும், மாட்டுக்கொழுப்பும், எலும்பிலும் தோலிலும் எடுக்கும் செலற்றினும் உண்டு. காந்தியடிகள் உணவுச்சாலையில் ஒவ்வொன்றையும் வினவியே உண்டார். நம்மவரும் வினவ நாணுதல் ஆகாது. இன்னொன்று: 1948 இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 என்னும் உயிர்ச்சத்து தாவரவுணவிற் போதியவளவு இல்லை. பாலுண்போர் அதிற் பெறுவர். பாலும் நீக்கியோர் மாத்திரையாகவோ, அச்சத்துச் சேர்த்த உணவாகவோ கொள்ளல் வேண்டும்.

புறப்படும் பிள்ளையின் பெட்டியிலே மிளகாய்த்தூளை நிறைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றோம். அத்தூள் சில திங்களில் தீரும். அடுப்படியை மிதித்தறியாத ஆண்பிள்ளைக்கு, பருப்பும் பயறும் அவிக்கவும், கிடைத்த காயைக் கறியாக்கவும் கற்பித்து அனுப்புவோமாயின், அவனுடைய விரதமும் உடல்நலமும் ஒருங்கே நிலைபெறும்.