டிரை சூட் டைவிங்: குளிரைவிடக் காற்றுதான் பெரிய சவால்!

ஸ்கூபா டைவிங் என்றதும் நம் நினைவுக்கு வருவது அந்தமான், மாலத்தீவின் வெதுவெதுப்பான நீலக்கடல்தான். ஆனால், வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே இருக்கும் தண்ணீரில் இறங்குவதற்கென்றே பலர் விமானம் ஏறுகிறார்கள். அந்த இடம், ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா.

வட அமெரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் ஆண்டுக்கு சுமார் 2 செ.மீ விலகிக்கொண்டிருக்கும் பகுதியில் உண்டான பாறைப் பிளவு இது. பனிப்பாறை உருகிய நீர், எரிமலைப் பாறைகளுக்குள் பல பத்தாண்டுகள் கசிந்து, வடிகட்டப்பட்டு இங்கே வருகிறது. 100 மீட்டர் தொலைவு வரைகூடத் தெளிவாகத் தெரியும் அளவுக்குச் சுத்தம்!

ஆனால், சாதாரண ஸ்கூபா சான்றிதழை மட்டும் நீட்டினால் இங்கே டைவிங்குக்கு அனுமதி கிடையாது. டிரை சூட் பயிற்சிச் சான்றிதழோ, அதில் டைவ் செய்த அனுபவத்துக்கான பதிவோ வேண்டும். ஓர் உடைக்கு ஏன் தனிப் பயிற்சி?

ஈரம் படாத உடை

காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக நம் உடல்சூட்டை உறிஞ்சிவிடும் தண்ணீர். வெட் சூட்டுக்குள் கொஞ்சம் நீர் புகும். உடல்சூட்டில் அது கதகதப்பாகும். மிதமான குளிருக்கு அது போதும். உறைபனிக் குளிருக்குப் போதாது.

டிரை சூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான சீல், நீர் புகாத ஜிப், காலோடு இணைந்த பூட் என எல்லாப் பக்கமும் அடைப்பு. உள்ளே கம்பளிபோன்ற உள்ளாடை அணிவார்கள். அந்த உள்ளாடையும், அதில் தேங்கும் காற்றும்தான் குளிரைத் தடுக்கின்றன. சிக்கலும் அந்தக் காற்றில்தான் ஆரம்பிக்கிறது.

காற்று செய்யும் குறும்பு

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிவிடும். சூட்டுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். உடை உடலைக் கவ்விப்பிடிக்கும். அப்போது மார்பில் உள்ள வால்வை அழுத்தி, சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைச் சேர்க்க வேண்டும்.

மேலே வரும்போது நடப்பது நேர் எதிர். சேர்த்த காற்று விரியும். இடது மேற்கையில் உள்ள வால்வு வழியாக அதை வெளியேற்றாவிட்டால், சூட் பலூனாக உப்பி ஆளை மேலே இழுத்துச் சென்றுவிடும். கட்டுப்பாடின்றி வேகமாக மேலே வருவது நுரையீரலைக் காயப்படுத்தலாம். ரத்தத்தில் வாயுக் குமிழ்களும் உருவாகலாம். `ஆழம் குறைவுதானே' என்ற அலட்சியமும் கூடாது. கடைசி 10 மீட்டரில்தான் காற்று இரு மடங்காக விரிகிறது.

கால் மேலே போனால்..?

புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தலை தாழ்ந்தால் காற்று முழுவதும் காலுக்கு ஓடிவிடும். வால்வு இருப்பதோ கையில். காற்றை வெளியேற்ற வழியில்லாமல் தலைகீழாக மேலே போக நேரிடும். முழங்காலை மார்போடு மடக்கி, ஒரு குட்டிக்கரணம் அடித்து நிமிர்ந்து, உடனே காற்றை வெளியேற்றுவதுதான் தீர்வு. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, நீச்சல் குளத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்துபார்ப்பார்கள். அதன் பிறகே ஏரியோ கடலோ. பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில், முதல் ஸ்கூபா வகுப்பையே டிரை சூட்டில் தொடங்குபவர்களும் உண்டு.

அணியும்போது கவனிக்க...

* மோதிரம், வாட்ச், கம்மலைக் கழற்றிவிடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். லேடெக்ஸ் சீல் சுலபமாகக் கிழியும்.

* சீலுக்கு அடியில் ஒரு கற்றை முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும்.

* கழுத்து சீல் அதிகமாக இறுக்கினால் தலைசுற்றல் வரலாம். உடனே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

* சூட்டில் மிதக்கும் தன்மை அதிகம் என்பதால் இடுப்பில் கூடுதல் எடை தேவைப்படும். எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் சில்ஃப்ராவில் வழி இருக்கிறது. டிரை சூட் அணிந்து, நீரின் மேற்பரப்பிலேயே மிதந்தபடி ஸ்நார்கெலிங் செய்யலாம். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். வயது, உயரம், எடைக்கு வரம்புகள் உண்டு. டைவ்தான் செய்வேன் என்பவர்கள், ஐஸ்லாந்துக்கு டிக்கெட் போடும் முன்பே டிரை சூட் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது. அவ்வளவு தெளிந்த நீரில் இறங்கிய பிறகு, கண் பாறைகளில் இருக்க வேண்டும். வால்வைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது!